பாலும் முட்டையும் இல்லாத கம்பு வாஃபிள்

'மூன்று ஏக்கர் கரிசலில் மானாவாரியாகக் கம்பும் உளுந்தும் போடுகிறோம். பெங்களூரில் இருக்கும் பேத்திக்குப் பால், முட்டை இரண்டும் அலர்ஜி என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவுக்கு வந்தால், 'ஆச்சி, வாஃபிள் வேணும்' என்று கேட்கிறாள். பால், முட்டை இல்லாமல் அதை வீட்டில் செய்ய முடியுமா? நன்றாக வந்தால், குற்றால சீசன் சமயத்தில் தென்காசியில் என் தங்கை நடத்தும் பலகாரக் கடையில் 'வீகன் வாஃபிள்' என்று போர்டு வைத்து விற்கலாமா?'
- வாசகி ஒருவர், திருவேங்கடம், தென்காசி மாவட்டம்.

தாராளமாகச் செய்யலாம். வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் வீடுகளில் ஏற்கெனவே இருப்பவைதான். வாஃபிள் என்பது சூடான இரண்டு அச்சுத் தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றி, இரு பக்கமும் ஒரே நேரத்தில் வேகவைக்கும் பலகாரம். பெல்ஜியம் நாட்டில் பேர்போனது. அடுப்பின் மேலேயே திருப்பிப் போடும்படியான வாஃபிள் அச்சுக்கு 1869-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டது. குழிப் பணியாரச் சட்டிக்கு இது தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமான வாஃபிளில் மைதா, முட்டை, பால், வெண்ணெய், சர்க்கரை இருக்கும். முட்டை மாவைப் பிணைக்கிறது, உப்பவைக்கிறது. பாலில் இருக்கும் புரதமும் சர்க்கரையும் மேல்பக்கத்தைச் சிவக்கவைக்கின்றன. வெண்ணெய் மொறுமொறுப்புக்கு. இந்த வேலைகளைச் செய்ய வேறு ஆள் வேண்டும், அவ்வளவுதான். முட்டையின் வேலையை உளுந்து செய்யும். அரைத்த உளுந்தின் கொழகொழப்பு, புளிக்கும்போது உண்டாகும் வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இட்லி உப்புவதும் இதனால்தான். கம்பில் கோதுமையைப்போல இழுவைத் தன்மை கொடுக்கும் குளூட்டன் கிடையாது என்பதால், உளுந்தைக் குறைத்தால் வாஃபிள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய்ப்பாலும் தேங்காய் எண்ணெயும். சிவப்பதற்குக் கொஞ்சம் கருப்பட்டி.

அளவு இதுதான். கால் டம்ளர் தொலி நீக்கிய உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க அரைக்க வேண்டும். அதில் ஒரு டம்ளர் கம்பு மாவு, கால் டம்ளர் பச்சரிசி மாவு, கொஞ்சம் உப்பு சேர்த்து, இட்லி மாவுப் பதத்தில் கரைத்து மூடி வைக்கலாம். கம்பு சீக்கிரம் புளிக்கும். வெயில் காலத்தில் 6 மணி நேரமே போதும். அதற்கு மேல் விட்டால் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். சுடப்போகும் நேரத்தில் அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய், மண் போகக் கரைத்து வடிகட்டிய கருப்பட்டிப் பாகு இரண்டு டேபிள்ஸ்பூன், கால் டீஸ்பூன் ஆப்ப சோடா சேர்த்துக் கலக்க வேண்டும். மாவு பணியார மாவுபோலக் கரண்டியிலிருந்து கனமாக விழ வேண்டும். தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பதம் தவறாது. இனிப்பு போதாது என்று கருப்பட்டியை அள்ளிப் போடக் கூடாது. அது தட்டில் ஒட்டிக் கருகும். வேண்டுமானால் சுட்ட பிறகு மேலே பாகு ஊற்றிக்கொள்ளலாம்.

புளிக்கவைக்க நேரம் இல்லையென்றால், உளுந்து மாவோடு எல்லாவற்றையும் உடனே கலந்து, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, சோடா போட்டதும் தாமதிக்காமல் சுட்டுவிட வேண்டும். எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடி பக்கத்தில்தானே இருக்கிறது.

கம்பு மாவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கம்பில் கொழுப்பு சற்று அதிகம். மாவாக்கியதும் அந்தக் கொழுப்பு சிதைய ஆரம்பித்து, சில நாளிலேயே கசப்பும் சிக்கு வாடையும் வந்துவிடும். கடையில் வாங்கிய மாவில் செய்த வாஃபிள் கசந்தால், செய்முறையைக் குறை சொல்லிப் பயனில்லை. சொந்தக் கம்பு இருப்பவர்கள், நீர் தெளித்துக் குத்திப் புடைத்துக் காயவைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்வது நல்லது.

மின்சார வாஃபிள் மெஷின் வாங்குபவர்கள் வீட்டின் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டில் 1,000 வாட் இழுக்கும் மெஷின், 180 வோல்ட்டுக்கு இறங்கினால் ஏறக்குறைய 610 வாட்தான் கொடுக்கும். சாயங்காலம் ஊரே மோட்டார் போட்டிருக்கும் நேரத்தில் வாஃபிள் வெளுத்துப்போய் ரப்பர்போல வருவதற்கு இதுதான் காரணம். அப்படிப்பட்ட இடத்தில் கேஸ் அடுப்பில் வைக்கும் அச்சே மேல். எதுவானாலும், மாவு ஊற்றி மூடிய பிறகு பக்கவாட்டில் வரும் ஆவி அடங்கும் வரை திறக்கக் கூடாது. முன்னதாகத் திறந்தால் மேலே பாதி, கீழே பாதியாகப் பிய்ந்துவிடும்.

இனி, பேத்தி விஷயம். இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பால் செரிக்காமல் வயிறு உப்புவது வேறு. பால் அலர்ஜி வேறு. முதலாவது, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க முடியாத பிரச்னை. இரண்டாவது, பால் புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை போடுவது. அதற்குத் துளி போதும். நெய்யிலும் அந்தப் புரதம் மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. 'பசும்பால்தானே ஆகாது, ஆட்டுப்பால் கொடுக்கலாமே' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் தவறு. இரண்டின் புரதமும் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கிவிடலாம் என்று வீட்டில் முயற்சி செய்வது அதைவிட ஆபத்து. உதடு வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே, மாவில் பால் இல்லை என்பது மட்டும் போதாது. நெய் தடவிப் பழகிய பணியாரச் சட்டி, தயிர் கடைந்த பாத்திரம், மோர்க் கரண்டி, முட்டை அடித்த மிக்ஸி ஜார் எதுவும் இந்த மாவின் பக்கம் வரக் கூடாது. பேத்திக்கென்று வாங்கும் அச்சில் மற்றவர்களுக்கு முட்டை வாஃபிள் சுடக் கூடாது. தேங்காய்ப்பாலுக்குப் பதில் கடலைப்பால் சேர்க்கும் வழக்கமும் இருக்கிறது, ருசியாகத்தான் இருக்கும். ஆனால், நிலக்கடலையே பலருக்குக் கடுமையான அலர்ஜி உண்டாக்கும். டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

கடையில் விற்பதற்கு வருவோம். சிறு கடைகள், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யிடம் பதிவு செய்துகொள்ளலாம். தங்கையின் கடைக்கு ஏற்கெனவே பதிவு இருந்தால், அதில் இந்தப் பலகாரமும் அடங்குமா என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 'வீகன்' என்ற சொல்லுக்குத் தனி விதிமுறை 2022-ல் வந்திருக்கிறது. பால், நெய், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேரக் கூடாது. வீகன் உணவை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். அதற்கான பச்சை நிற முத்திரையை அனுமதி இல்லாமல் போடக் கூடாது. சொந்தப் பெட்டித் தேனை மேலே ஊற்றிக் கொடுத்தாலும் அது வீகன் இல்லை.

நெய்ப் பலகாரம் போடும் அதே கடையில், அதே கையால் சுட்ட வாஃபிளை அலர்ஜி உள்ள குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. போர்டில் 'வீகன்' என்று எழுதியிருப்பதை நம்பி ஒரு தாய் வாங்கிக் கொடுத்துவிடுவார். எனவே முதல் சீசனுக்கு 'கம்பு வாஃபிள்' என்று மட்டும் எழுதி, அதன் கீழே 'கம்பு, உளுந்து, பச்சரிசி, தேங்காய்ப்பால், தேங்காய் எண்ணெய், கருப்பட்டி' என்று சேர்மானத்தையும், 'இங்கே பால், நெய்ப் பலகாரங்களும் செய்யப்படுகின்றன' என்ற வரியையும் சேர்த்து எழுதுவதே சரி. சுட்டதைத் தட்டில் அடுக்கினால் ஆவியில் நமுத்துப்போகும். வீட்டில் என்றால் சுத்தமான சொளவிலும், கடையில் என்றால் கம்பித் தட்டிலும் தனித்தனியாகப் பரப்பி வைத்தால் மொறுமொறுப்பு கொஞ்ச நேரம் தாங்கும்.