அம்மாவும் ஏறட்டும்!

வீட்டு முற்றத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறது. மகள் பதினோராம் வகுப்புப் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிள். மகள் படித்து முடித்தாள். வேலைக்குப் போனாள், அல்லது மணமாகிப் போனாள். சைக்கிள் மட்டும் போகவில்லை. ரிம்மிலே துரு, சீட்டிலே கோழி எச்சம், ஹேண்டில் பாரிலே காயப்போட்ட துண்டு! அந்தச் சைக்கிளைச் சுற்றிக்கொண்டுதான் அந்த வீட்டுத் தாய் நாள்தோறும் நடக்கிறாள். ரேஷன் கடைக்கு நடை, களத்துக்கு நடை, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடை. பேருந்து வந்தால் பேருந்து, வராவிட்டால் கால்!

ஏறிப் போகக்கூடாதா அம்மா என்று கேட்டால், "எனக்கு எங்கே தெரியும்? இந்த வயதிலா?" என்கிறாள். தோழர்களே, இதற்கு விடை சொல்லவேண்டியவள் அவளல்ல. நாம்!

நமக்குத் தெரியாதா சைக்கிளின் அருமை? சீட்டுக்கு எட்டாத வயதில், பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டவர்கள் அல்லவா நாம்! வாடகைக் கடையில் அரைமணி நேரத்துக்குக் காசு கட்டி, முட்டி பேர்த்து, முழங்கை தேய்த்துக் கற்றோம். பையன் விழுந்தால் ஊர் சிரித்தது, தூக்கியும் விட்டது. அதே வயதுப் பெண் ஏறினால்? "பொட்டைப் பிள்ளைக்கு என்ன சவாரி?" என்றது. பையன் விழுந்தது பயிற்சி, பெண் ஏறியதே குற்றம்! அன்று ஏறவிடாமல் தடுக்கப்பட்ட சிறுமிதான் இன்று நாற்பது வயதில், "எனக்கு எங்கே தெரியும்" என்கிறாள்.

இன்னொன்றும் நினைவூட்டுகிறோம். தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆதிக்கச் சாதியார் தெருவில் சைக்கிளில் ஏறிச் செல்லக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்று எழுதாச் சட்டம் இருந்தது. இறங்க மாட்டேன் என்றவர்கள் அடிபட்டார்கள். சைக்கிளில் ஏறுவது சவாரி மட்டுமல்ல, உரிமை என்று அந்த அடியிலே கற்றவர்கள் நாம். தெருவில் "இறங்கு" என்றவனை எதிர்த்தவன், வீட்டில் "ஏறாதே" என்று சொல்லலாமா? எந்த ஊர் நியாயம் இது?

முடியுமா என்று ஐயுறுவோர் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போகவேண்டாம். புதுக்கோட்டையைப் பாருங்கள்! 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. ஆட்சித் தலைவர், ஷீலா ராணி சுங்கத் என்னும் பெண்மணி. கற்பிக்கும் தொண்டர்களில் பெண்கள் ஏராளம். ஊர்விட்டு ஊர் போகவேண்டும். பேருந்தையும் ஆண் துணையையும் எதிர்பார்த்திருந்தால் பாடம் நடக்குமா? ஆகவே, அ, ஆவோடு சைக்கிளும் பாடமாயிற்று. வயற்காட்டுக் கூலிப் பெண்கள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள் எல்லாரும் ஏறினர். சைக்கிள் வாங்கக் கடன் தரும்படி வங்கிகளை வற்புறுத்தினார் ஆட்சித் தலைவர். கேலி பேசினார்கள், கீழ்த்தரமாகவும் பேசினார்கள். பேசியவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், பெண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்! சில ஆண்டுகளுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டனர். அந்த ஊர்களுக்கே போய்ப் பார்த்து எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத்.

அவர் எழுதியவற்றில் நம் நெஞ்சில் நிற்பது ஒன்று. பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்தார்கள். அதையே விரும்பியவர்களும் உண்டு. ஏன்? அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பெண் வந்து ஏறியதும் அந்த வெறும் கம்பிக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா?

சரி, எப்படிக் கற்பிப்பது? கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி, சொல்லாமல் கையை விடுவது நம் பழைய வழி. பத்து வயதில் விழுந்தால் சிராய்ப்பு. நாற்பதில் விழுந்தால் மணிக்கட்டு முறியும். அச்சம் வந்துவிட்டால் அப்புறம் அவள் ஏறமாட்டாள். வேறு வழி உண்டு. 1817-இல் ஜெர்மனியின் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக்காட்டிய முதல் இருசக்கர வண்டிக்கு மிதியே கிடையாது! உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தவேண்டும். 1860-களில்தான் பாரிசில் மிதி வந்தது. நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள்.

சீட்டை இறக்குங்கள், உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் முழுதாகப் படியவேண்டும். மிதிகள் இரண்டையும் கழற்றுங்கள். வலது மிதி வழக்கம்போலக் கழலும். இடது மிதியின் மறை தலைகீழானது, இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முரட்டு பலத்தைக் காட்டி மறையைத் தின்னவைத்த வீரர்கள் நம்மில் பலர்! பிறகு மைதானத்தில் அவளே காலால் உந்தி உந்திப் போகட்டும். இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு பத்து கஜம் மிதந்து போக வந்துவிட்டதா? கற்றாயிற்று, மிதியை மாட்டுங்கள். சாயும் பக்கமே ஹேண்டிலைத் திருப்பவேண்டும். பார்வை எதிரே, முன் சக்கரத்தில் அல்ல. எந்தக் கை எந்தச் சக்கரத்தின் பிரேக் என்பதை, நிற்கும்போதே பிடித்துப் பார்த்துக்கொள்ளட்டும். சேலையானால் கொசுவத்தைச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கவேண்டும். செயினுக்கு மூடி இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம். நன்றாகப் பழகும்வரை பெருஞ்சாலைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். லாரிக்காரர் உங்கள் பாடத்துக்காக நிற்கமாட்டார்.

கற்பிக்கப் போகும் தோழரே, நீர் கடைசியாக ஏறியது எப்போது? மோட்டார் சைக்கிள் வந்தபின் வயிறு வந்தது, முழங்கால் வலி வந்தது! நீரும் ஏறும். பழைய வண்டியானால் டியூபும் பிரேக் கட்டையும் மாற்றியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் நின்ற ரப்பரை நம்பாதீர். மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளும் அளவுக்குச் சீட்டை உயர்த்தும், முழங்கால் நோகாது. முதல் வாரம் அரைமணி நேரம் போதும். நெஞ்சு நோயுள்ளவர் மருத்துவரைக் கேட்டபின் ஏறுக.

நாம் கேட்பது பெரிதல்ல. படிப்பகந்தோறும் ஒரு பழைய சைக்கிள், சீட்டை இறக்கி, மிதியைக் கழற்றி நிற்கட்டும். பக்கத்திலே ஒரு பம்பு, ஒரு ஸ்பேனர். வாரத்தில் இரண்டு மாலை மைதானம் பெண்களுக்கு. கற்ற பெண் கல்லாத பெண்ணுக்குச் சொல்லித் தரட்டும். ஆண்கள் காற்றடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பத்திரிகை படிக்கலாம். வாசலில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டாம்.