இறுக்கினால் மட்டும் போதுமா?

எங்களுடைய இலக்கியக் கூட்டங்களில் பழுதாகிற பொருட்களைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. காதல், போர், புலம்பெயர்வு, சாதி எல்லாம் கதைப்போம். ஒரு மோட்டர் ஏன் ஆடுது, ஒரு போல்ட் ஏன் கழருது என்று கேட்டால் மட்டும், “அது கராஜ்காரர் பார்க்கிற விசயம்” என்று முடித்துவிடுவோம். இந்தக் கட்டுரை அந்த விசயத்தைப் பற்றித்தான். அமெரிக்காவில் வீடு மாதிரி இழுத்துக்கொண்டு திரிகிற ஒருவகை ட்ரெயிலரின் முன்காலில் இருக்கிற சின்ன மோட்டர் தளர்ந்தால் என்ன நடக்கும், அதை யார் திருத்துவது, அந்தச் செலவு யார் தலையில் விழுகுது என்பதுதான் எங்கட கேள்வி.

‘நொமட்லாண்ட்’ படம் பார்த்தவர்களுக்கு இந்த உலகம் கொஞ்சம் தெரிந்திருக்கும். ஜெசிக்கா ப்ரூடர் 2017இல் எழுதிய புத்தகத்தை வைத்து க்ளோயி சாவ் இயக்கிய படம். 2021இல் சிறந்த படம், இயக்குநர், நடிகை என்று மூன்று ஒஸ்கார் எடுத்தது. நெவாடாவில் எம்பயர் என்கிற ஊர், ஜிப்சம் ஆலை 2011இல் மூடப்பட்டதோடு வெறிச்சோடிப் போகிறது. வேலையும் வீடும் போன ஃபேர்ன் ஒரு வானுக்குள் குடியேறுகிறாள். பலரும் அந்தப் பாலைவன வெளிச்சத்தையும் தனிமையையும் பற்றித்தான் எழுதினார்கள். எங்களுக்கு மனதில் நின்றது இரண்டு சின்னக் காட்சிகள். ரயர் காற்றுப்போய் நிற்கிற ஃபேர்னை, உதிரி ரயர்கூட இல்லாமல் இந்த வெளியில் திரியலாமா என்று ஸ்வாங்கி என்கிற மூத்த பெண் ஏசுவது ஒன்று. வான் பழுதானபோது, இதில் காசைக் கொட்டாமல் வேறு வாங்கலாமே என்று கராஜில் சொல்ல, நான் இதற்குள்ளேதான் வாழ்கிறேன் என்று ஃபேர்ன் சொல்வது மற்றது. பழுது என்பது சிலருக்குத் தொந்தரவு. சிலருக்கு அது வீடு இடிகிற மாதிரி.

ஃபேர்னிடம் இருந்தது வான். இதைவிடப் பெரிய குடும்பங்கள், ஓய்வுபெற்றவர்கள், ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர்கள் பலர் பாவிப்பது ‘ஃபிஃப்த் வீல்’ ட்ரெயிலர். ஐந்தாம் சக்கரம் என்ற பெயர் குதிரை வண்டிக் காலத்தில் இருந்து வந்தது: முன்னச்சு திரும்புவதற்காகப் படுக்கையாக வைத்த சக்கரத்துக்கு அந்தப் பெயர். ஏ9 வீதியில் கொள்கலன் இழுத்துக்கொண்டு போகிற ப்ரைம் மூவரைப் பார்த்திருப்பீர்கள். அதே இணைப்பு முறைதான். ட்ரெயிலரின் முன்பக்கம் பிக்அப் வாகனத்தின் பெட்டிக்கு மேலே ஏறி, ஒரு தடித்த இரும்பு முளையால் பூட்டப்படும். வாகனத்தைக் கழற்றிவிட்டால் முன்பக்கப் பாரம் முழுக்க இரண்டு இரும்புக் கால்களில் நிற்கும். எங்கட துறைமுகத்துக் கொள்கலன் ட்ரெயிலர்களில் அந்தக் காலைக் கைப்பிடி சுற்றி இறக்குவார்கள். அங்கே 12 வோல்ட் மோட்டர் ஒன்று இறக்கும்.

பாரம் எவ்வளவு என்று பாருங்கள். ஃபிஃப்த் வீலின் மொத்த எடையில் 20 முதல் 25 வீதம் முன்பக்கம் விழும். 5,400 கிலோ ட்ரெயிலர் என்றால் அந்த இரண்டு கால்களும் தாங்குவது 1,100 இலிருந்து 1,350 கிலோ. பல ட்ரெயிலர்களில் மோட்டர் ஒரு காலில்தான் இருக்கும். குறுக்கே போகிற தண்டு மற்றக் காலையும் சுற்றும். அந்த மோட்டரை இடத்தில் பிடித்து வைத்திருப்பது சில போல்ட்கள்.

மோட்டர் தண்டை ஒருபக்கம் சுற்றும்போது, தண்டு மோட்டரை மறுபக்கம் சுற்றப் பார்க்கும். போல்ட் இறுக்கமாக இருந்தால் அது ஒன்றும் செய்யாது. தளர்ந்தால், சுவிட்சை அமத்துகிற ஒவ்வொரு தடவையும் மோட்டர் ஒருக்கால் துள்ளும். துள்ளத் துள்ள போல்ட் ஓட்டை நீள்வட்டமாகும், வயர் இழுபடும், பற்சக்கரம் சரியாகப் பொருந்தாமல் அரைபடும். கடைசியில் தண்டை இணைக்கிற சின்னப் பின் அறுந்தால் மோட்டர் சும்மா சுற்றும், கால் அசையாது. குறுக்குத் தண்டின் பின் அறுந்தால் ஒரு கால் இறங்கும், மற்றது அப்படியே நிற்கும்.

தெரிந்தவர்கள் இதைத் திருத்துகிற ஒழுங்கில் ஒரு சிந்தனை முறை இருக்கிறது. முதல் வேலை ஸ்பனரை எடுப்பது இல்லை. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். ட்ரெயிலரை வாகனத்தோடு பூட்டியபடி வைத்து, அல்லது சட்டத்துக்குக் கீழே தாங்கி வைத்து, காலில் இருக்கிற பாரத்தை எடுக்கவேண்டும். பற்றரியைக் கழற்றவேண்டும். பிறகு கையால் மோட்டரை ஆட்டிப் பார்த்து எது ஆடுது என்று கண்டுபிடிக்கவேண்டும்: போல்ட்டா, மோட்டர் இருக்கிற தகடா, காலே சட்டத்தில் இருந்து கழன்றுவிட்டதா? வெளியில் எல்லாம் ஒரே சத்தம்தான். போல்ட் என்றால் புரி தேய்ந்திருக்கா, ஓட்டை பெருத்திருக்கா, தகடு வெடித்திருக்கா என்று பார்த்து, அதே அளவும் அதே தரமும் உள்ள போல்ட் போட்டு, கழராத நட்டோ புரியில் பூசுகிற பசையோ பாவித்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கவேண்டும். பலம் இருக்கென்று கண்டபாட்டுக்கு இறுக்கினால் அலுமினியப் புரி உரிந்துபோகும். அதன்பிறகும் மோட்டர் திணறினால், ஓடும்போது அதற்கு எத்தனை வோல்ட் வருகுது என்று அளக்கவேண்டும். பற்றரி பலவீனமாக இருக்கலாம், எர்த் வயர் கறள் பிடித்திருக்கலாம். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் இறுக்கத்தைத் திரும்பப் பார்க்கவேண்டும்.

ஏன் திரும்ப? ஏனென்றால் இறுக்கின போல்ட்டும் தானாகக் கழரும். புரி கடித்துப் பிடித்திருப்பதால் போல்ட் நிற்கிறது என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் இறுக்கும்போது போல்ட் மெல்லிசாக இழுபட்டு நீளுது. ஸ்பிரிங் மாதிரி அது திரும்பச் சுருங்கப் பார்க்கிற விசைதான் இரண்டு பொருட்களையும் சேர்த்து அமத்தி வைத்திருக்கிறது. 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்கிற ஜேர்மன் பொறியியலாளர், பக்கவாட்டு அசைவு அந்தப் பிடியை உடைக்கிறது என்று பரிசோதனையில் காட்டினார். பிடி உடைந்தால் நட் யாரும் தொடாமலே சுற்றிக் கழரும். அவர் அமைத்த சோதனை முறையில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவுவதில்லை. தளர்ச்சிக்குக் காரணம் போல்ட்டுக்குள்ளே இல்லை, அதைச் சுற்றி நடக்கிற அசைவில் இருக்கிறது.

இதை ட்ரெயிலரோடு நிறுத்த எங்களுக்கு மனமில்லை. அந்த அசைவு எங்கிருந்து வருது? அமெரிக்காவின் இந்த வாகனங்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் பகுதியில் செய்யப்படுகிறது. அங்கே பல ஆலைகளில் சம்பளம் நேரத்துக்கு இல்லை, செய்து முடிக்கிற எண்ணிக்கைக்கு. கெதியாக முடித்தால் கூடக் காசு. கொரோனாக் காலத்தில் எல்லாரும் ஊர்சுற்ற வாகனம் தேட, 2021இல் மட்டும் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் ஆலைகளில் இருந்து வெளியே போயின. இப்படி ஓடுகிற ஆலையில் ஒரு போல்ட்டை இரண்டாம் தரம் பார்க்கிற தொழிலாளி தன் சொந்தக் காசைத்தான் செலவழிக்கிறார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வராது.

பழுது வந்தபின் இன்னொரு விளையாட்டு. ட்ரெயிலரைப் பொருத்தியது ஒரு கம்பனி, காலைச் செய்தது இன்னொரு கம்பனி, விற்றது மூன்றாவது ஆள். உத்தரவாதம் கேட்டுப் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது எளிது. பழுதான புதுக் காரைத் திருப்பி எடுக்கவைக்கிற ‘லெமன்’ சட்டங்கள் அமெரிக்க மாநிலங்களில் இருக்கின்றன. ஆனால் பல மாநிலங்களில் இழுத்துச் செல்கிற ட்ரெயிலர் அதற்குள் வராது. கடைசியில் குனிந்து போல்ட்டை இறுக்குகிறது, மழைக்குள் நிற்கிற அந்த மனிசிதான்.

“அப்ப தானே திருத்தப் பழகவேண்டியதுதானே” என்று சிலர் கேட்பார்கள். பழகவேண்டும்தான். எங்கட ஊரில் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டர்சைக்கிள் ஓடியது, சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாடியது. ஆனால் அந்தக் கெட்டித்தனத்தைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே, தடையைப் போட்டது யார் என்ற கேள்வியை விழுங்கிவிடவும் கூடாது. திருத்தத் தெரிந்தவர்களைப் பாராட்டுவது, பழுதுக்குப் பொறுப்பானவர்களைத் தப்பவிடுகிற வழியாக மாறக்கூடாது.

அமெரிக்காவிலேயே இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருத்தும் உரிமை கேட்கிற இயக்கம் அதைத்தான் செய்கிறது. கொலராடோ மாநிலம் 2022இல் மின் சக்கர நாற்காலிகளுக்கும், 2023இல் விவசாய இயந்திரங்களுக்கும் அந்த உரிமையைச் சட்டமாக்கியது: உதிரிப்பாகம், கருவி, கையேடு எல்லாவற்றையும் உரிமையாளருக்கும் வெளித் திருத்துனருக்கும் தயாரிப்பாளர் கொடுக்கவேண்டும். “எனக்குத் திருத்தத் தெரியும், திருத்தவிடு, நீ செய்த பிழைக்கு நீ பொறுப்பெடு.” இரண்டு வசனமும் ஒன்றாகத்தான் சொல்லப்படவேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

கலைப்பீடத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கை அழுக்காகிற வேலையை அறிவாக எண்ணாத பழக்கம் எங்கட சமூகத்தில் சாதியோடும் ஆண் பெண் பிரிவோடும் கட்டப்பட்டிருக்கிறது. உழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாசிக்கிறோம். உழைக்கிறவர் எப்படி யோசிக்கிறார் என்று கேட்பதில்லை. வீட்டில் ஃபான் நின்றால் பெண்பிள்ளையிடம் ஸ்குரூட்ரைவரைக் கொடுப்பதில்லை, “அண்ணா வந்து பார்ப்பான்” என்கிறோம். முதலில் பாரத்தை இறக்கு, பிறகு எது ஆடுது என்று பார், பிறகு ஏன் என்று கேள், அதன்பிறகுதான் இறுக்கு: இந்த ஒழுங்கை எந்த விமர்சன வகுப்பிலும் வைக்கலாம்.

தமிழில் இப்படியான எழுத்து மிகக் குறைவு. கராஜில் நிற்கிற அண்ணாமாரும், தையல் மெஷின் திருத்துகிற அக்காமாரும், வள்ள எஞ்சின் பிரித்துப் பூட்டுகிற மாமாமாரும் எழுதினால் எங்கட மொழி இன்னும் பலமாகும். அவர்களுக்கு எழுத நேரமில்லை என்றால், கொப்பியோடு நாங்கள் போய் அவர்களுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கலாம். கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: எது தளர்ந்தது? ஏன் தளர்ந்தது? யார் காசு கட்டினது?