ஒன்று என்பதும் வேறு என்பதும்

வங்கிகள் இணையும்போதும் மென்பொருள் மாறும்போதும் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது, “பணம் பத்திரமாக இருக்கிறதா?” என்பதே. அக்கேள்விக்கு முன்பாக வங்கி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பழைய ஏட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் புதிய ஏட்டில் ஈடானது எது?

2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடன் இணைந்தது. பழைய கிளைகளின் ஐ.எஃப்.எஸ். குறியீடுகள் 2021 ஜூன் 30 வரை செல்லுபடியாயின; பின்னர் புதியவை அவற்றின் இடத்தைப் பெற்றன. கிளைக்குக் கிளை ஈடு காண்பது எளிது. வைப்புத் திட்டங்களுக்கு அவ்வாறன்று. சிண்டிகேட் வங்கி 1928இல் தொடங்கிய பிக்மி திட்டத்தில், முகவர் வீடு தேடி வந்து அன்றாடம் சிறுதொகை பெற்றுச் செல்வார். இத்தகைய கணக்கை, மாதந்தோறும் ஒரே தொகை செலுத்தும் தொடர் வைப்புக்கு ஈடாகப் பதிந்தால், கையில் காசில்லாத மாதம் தவணைத் தவறாகிவிடும். இரண்டும் சிறுசேமிப்பே, ஆயினும் விதிகள் வேறு. ஆகவே வட்டி, தவணை, முதிர்வுக்கு முன் முடிக்கும் விதி ஆகியவற்றை ஒப்பிட்டே ஈடு காண வேண்டும். பெயர் ஒற்றுமை போதாது.

மனிதர்களை ஒப்பிடுவது இன்னும் கடினம். கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் புழங்கும் ஆனேக்கல் போன்ற எல்லை வட்டத்தில், ஓசூரில் பெற்ற ஆவணத்தில் ‘மு. லட்சுமி’ என்றிருப்பவர் இங்குள்ள ஆவணத்தில் ‘லட்சுமம்மா’ ஆகலாம். அதே வேளையில், ஒரே தெருவில் ஒரே முதலெழுத்துடன் இரண்டு வெங்கடேஷ்கள் இருக்கலாம். ஒரு குடும்பத்துக்கே ஒரு கைப்பேசி எண் இருக்கும் வீடுகளும் உண்டு. எண் பொருந்தியதால் ஆள் பொருந்திவிடாது.

இங்கு நேரக்கூடிய பிழைகள் இருவகை. ஒருவரை இருவராக விட்டுவிட்டால் அவருக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருக்கும். அது தொல்லை, பின்னர் சரிசெய்யக்கூடியது. இருவரை ஒருவராக்கிவிட்டால் ஒருவரின் சேமிப்பு மற்றவரின் பார்வைக்கும் கைக்கும் எட்டிவிடும். சென்ற பணத்தை மீட்டாலும் வெளிப்பட்ட இரகசியத்தை மீட்க இயலாது. இவ்விரு பிழைகளையும் சமமாகக் கருதலாகாது என்பதே எங்கள் கருத்து.

எனவே, ஐயத்துக்குரிய பதிவுகளைத் தனியே வைத்து, உரியவரிடம் காட்டி, அவர் ஒப்புதல் பெற்ற பிறகே வங்கிகள் இணைக்க வேண்டும். அதனால் மாற்றத்தின் நாள் தள்ளிப்போனாலும் தாழ்வில்லை. வாடிக்கையாளர்களும் ஆதார், பான் அட்டை, கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் பெயரும் பிறந்த நாளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளலாம். மாற்றத்துக்குப் பின் கணக்கின் வகை, வட்டி விகிதம், வாரிசு நியமனம் ஆகிய மூன்றையும் பழைய புத்தகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு தென்பட்டால் கிளையில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பழைய புத்தகத்தை அதுவரை எறிந்துவிட வேண்டாம்.