குளத்துக்குள் கன்று நடாதீர்கள்

மரம் நட்டால் போதும், காற்றில் ஏறிய கார்பன் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நெல்லைச் சீமையில் ஆழமாக வேரூன்றிவிட்டது. பிறந்தநாளா, பள்ளி விழாவா, கன்று நடுகிறோம். இடம் தேடினால் முதலில் கண்ணில் படுவது குளத்துப் புறம்போக்கு. “சும்மா கிடக்கிற இடம்தானே” என்கிறார்கள். அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. கார்பனை மரத்தில் மட்டும் தேடுகிறவர்களுக்கு மண் தெரிவதில்லை.

உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்களில், உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் இருக்கிறது. நீரில் ஊறி, முழுதாக மக்காமல் தங்கிய செடிகொடிகளின் கரிச்சேறுதான் பீட். நீர் நிற்கும்வரை உள்ளே காற்று புகாது. வடித்துவிட்டால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சேமிப்பு கரியமில வாயுவாகக் கரைந்துபோகும்.

1996-இல் இந்தோனேசியா, நடுக் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கப் புறப்பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியது. நெல் விளையவில்லை. அடுத்த ஆண்டே காய்ந்த பீட் பற்றி எரிந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்த நம் சொந்தங்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். 2015-இல் மீண்டும் பெருந்தீ. 2016-இல் பீட் மீட்புக்கென்றே ஒரு முகமை அமைத்து, வெட்டிய வாய்க்கால்களை அடைக்கத் தொடங்கினார்கள். கன்றும் நட்டார்கள், ஆனால் நீர் நிற்காத பீட்டில் எந்தக் கன்றும் கார்பனைக் காக்காது.

தமிழ்நாட்டிலும் பீட் உண்டு. நீலகிரிப் பள்ளங்களில் படிந்த பீட்டிலிருந்து 20,000 ஆண்டுப் பருவநிலை வரலாற்றைப் படித்து, சுகுமார், ரமேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே மலையில் புல்வெளியைத் தரிசென்று எண்ணிச் சீகையும் தைலமரமும் நட்டது பெரும் பிழை.

தாமிரபரணிக் குளங்களின் கரம்பை மண் பீட் அல்ல. குளம் கோடையில் வற்றும், கொஞ்சம் மக்கியும் போகும். ஆனாலும் இலையும் பாசியும் சேற்றோடு புதைந்து தங்குவது அதே விதிப்படிதான். நம் முன்னோர் அந்தக் கரம்பையை வண்டி கட்டி வயலுக்கு அடித்தது அதிலுள்ள சத்துக்காக. உள்வாயில் கருவேலத்தை வளர்த்துவிட்டுத் தூர்வாரவும் வழியில்லாமல் நிற்கிறோம். (கூந்தன்குளத்தில் பறவைகள் கூடு கட்டும் மரங்களை நான் சொல்லவில்லை; அவை இருக்கட்டும்.) வேய்ந்தான்குளத்தின் ஒரு பகுதியில் பேருந்து நிலையம் எழுப்பினோம். அந்த நீர்ப்பரப்புக்கு எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் ஈடாகாது.

ஈரநிலம் மீத்தேன் விடுகிறதே என்பார்கள். விடுகிறது. ஆனால் மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் சிதைந்துவிடும்; வடித்த மண்ணிலிருந்து கிளம்பும் கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும்.

குளங்களைவிட மாஞ்சோலை மலையை நினைத்துத்தான் எனக்குப் பெரிய கவலை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் குத்தகைக்கு விட்ட காட்டில் பாம்பே பர்மா கம்பெனி தேயிலை போட்டது. 2024-இல் கம்பெனி தோட்டத்தை மூடியது. தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்களுக்கு உரியது கிடைத்தாக வேண்டும். மலையை மீட்கிறோம் என்று வரிசை வரிசையாகக் கன்று நட்டுக் கணக்குக் காட்டுவதை ஏற்க முடியாது. ஓடையும் ஈரப்பள்ளமும் புல்வெளியும் எங்கே இருந்தன என்று முதலில் பாருங்கள். வெட்டிய வடிகால்களை அடையுங்கள். சோலை மரம் அதற்குப் பிறகு.

உங்கள் ஊரில் அடுத்த கன்று நடும் விழா குளத்து உள்வாயில் என்றால், கன்றுகளைத் தெருவோரத்துக்கும் கொல்லைக்கும் கேட்டு வாங்குங்கள். வந்த ஆட்களோடு, அடைபட்டுக் கிடக்கும் வரத்துக்காலைத் தூர்வாரப் போங்கள்.