சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

சென்னையில் இருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

ஆகாய வழியில் அளந்தால் சுமார் 2,900 கிலோ மீட்டர். விமானம் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது.

அந்தக் காலத்தில் "ரஜூலா" என்ற கப்பல் ஓடியது. 1926-ம் ஆண்டு கட்டிய கப்பல். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இன்றோ, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் சிங்கப்பூர்!

தூரம் சுருங்கிவிட்டது. ஆனால், டிக்கெட்டில் இருக்கும் மணியும் தேதியும் பலரைக் குழப்புகின்றன.

கணக்கு உதைக்கிறதே!

ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் புறப்படுவது நள்ளிரவு 12-15 மணி. சிங்கப்பூர் போய்ச் சேருவது காலை 6-45 மணி. கழித்துப் பார்த்தால் 6½ மணி நேரம் வருகிறது.

திரும்பி வரும் டிக்கெட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் ராத்திரி 8 மணிக்குப் புறப்பட்டு, சென்னைக்கு 9-30 மணிக்கே வந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரம்தான்!

போகும்போது ஆமை, வரும்போது முயலா? அப்படி இல்லை. போக 4 மணி நேரம். வரவும் ஏறக்குறைய 4 மணி நேரம். சிங்கப்பூர் நமக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே கடிகாரம் 2½ மணி நேரம் முந்தி ஓடுகிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியை அச்சிடுகிறார்கள். இவ்வளவுதான் விஷயம்.

தேதியில்தான் ஆபத்து

மணிக் கணக்கு புரியாவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. தேதி புரியாவிட்டால் குடும்பமே தவிக்கும்.

டிக்கெட்டில் "15-ந்தேதி, 00.15" என்று போட்டிருக்கும். நம் வீடுகளில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். 12 மணி அடித்த பிறகும் நமக்கு அது 14-ந்தேதி ராத்திரிதான். டிக்கெட்டுக்கு அது 15-ந்தேதி.

15-ந்தேதி ராத்திரி பெட்டியும் கையுமாகப் போய் நின்றால் என்ன ஆகும்? விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். நகையை அடகு வைத்து எடுத்த டிக்கெட் வீண். வேலையில் சேர வேண்டிய நாளும் தவறிப்போகும்.

"படித்துப் பார்க்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும்படி எழுதுவது, காசு வாங்கியவரின் கடமை அல்லவா?

விமானக் கம்பெனிகளும், டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்டுகளும் டிக்கெட்டின் தலைப்பில் தமிழில் ஒரு வரி சேர்க்க வேண்டும். "14-ந்தேதி ராத்திரி 9 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும்." இந்த ஒரு வரி போதும். இதற்கு என்ன பெரிய செலவு?

அது நடக்கும்வரை நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். புறப்படும் மணி 00 என்றோ, 01 என்றோ தொடங்கினால், டிக்கெட்டில் உள்ள தேதிக்கு முந்தின நாள் ராத்திரியே விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள். அந்த நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள்.