ஃபார்மட் பண்ணிடலாமா சார்?

கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு என்றாலும் இப்போது இரண்டே வைத்தியம்தான். போனில் கேட்டால், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." நேரில் வந்தால், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." தலைவலி என்று போனவனுக்கு, முதலில் மொட்டை போட்டுப் பார்ப்போம் என்பது போல.

தொலைபேசித் துறையில் டெஸ்ட் டெஸ்கில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் எனக்கு எரிச்சல் கொஞ்சம் கூடுதல். அந்தக் காலத்தில் 198-க்குப் புகார் வந்தால், எம்.டி.எஃப்-பில் லைனைப் பிரித்து, கோளாறு எக்ஸ்சேஞ்ச் பக்கமா வெளிப்பக்கமா என்று முதலில் பார்ப்போம். வெளிப்பக்கம் என்றால் கேபினெட், பில்லர், டி.பி. என்று லைன்மேன் ஒவ்வொரு இடமாகப் போவார். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் என்று தெரியும் வரை எதையும் மாற்ற மாட்டோம். எங்கள் துறை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. போன் கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள், அடிக்க வந்துவிடுவீர்கள். ஆனால் "எங்கே அறுந்திருக்கிறது?" என்ற கேள்வி எங்களிடம் இருந்தது. இப்போது அந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார். அன்று முதல் இன்டர்நெட் பத்து நிமிஷம் வரும், இரண்டு நிமிஷம் போகும். வைஃபை இல்லை, ரௌட்டரிலிருந்து ஹால் வாசற்படி வழியாக அடுத்த அறைக்கு ஒயர்தான். இன்டர்நெட் கம்பெனியைக் கேட்டால், "பழைய கம்ப்யூட்டர்ல நல்லா வந்துச்சுல்ல மேடம்? அப்ப புதுசுலதான் ஃபால்ட்." கம்ப்யூட்டர் கடையைக் கேட்டால், "எங்க பீஸ்ல ஒண்ணுமில்ல, லைன்தான் சரியில்ல." மூன்று வாரம் இப்படியே பந்து உருண்டது. கடைசியில் கடைப் பையன் வந்து ஃபார்மட் செய்துவிட்டுப் போனான். பழையதிலிருந்து மாற்றி வைத்திருந்த கணவரின் போட்டோக்கள், அவர் தட்டச்சு செய்து வைத்த பயணக் குறிப்புகள் எல்லாம் போயின. இன்டர்நெட் அப்போதும் போய்ப் போய் வந்தது.

பிறகுதான், "அண்ணா, கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?" என்று என்னைக் கூப்பிட்டார்.

"பழையதில் வந்ததே" என்ற வாதம் பச்சைத் தப்பு. அந்த ஒயருக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 மெகாபிட் வேகத்தில் ஓடும் பழைய கம்ப்யூட்டருக்கு இரண்டு ஜோடி போதும். புதியது ஜிகாபிட், அதற்கு நான்கு ஜோடியும் வேண்டும். நான்கு அடுப்பில் இரண்டுதான் சரியாக எரிகிறது என்றால், காபி மட்டும் போடுகிற வீட்டில் அது தெரியாது. விருந்தாளி வந்தால்தான் தெரியும். பழையது நன்றாக ஓடியதால் ஒயர் நல்ல ஒயர் என்று ஆகிவிடாது. இது ரகசியமில்லை, இந்த வேலைக்கு வருகிற எவருக்கும் முதல் வாரத்தில் சொல்லித்தர வேண்டிய பாடம்.

நான் செய்தது இவ்வளவுதான். ரௌட்டருக்கு 192.168.1.1 என்ற முகவரி. அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருந்தது. கம்ப்யூட்டரில் "பிங் மைனஸ் டி" கட்டளை கொடுத்து, அந்த முகவரிக்கு ஓட விட்டேன். இன்டர்நெட் போகிற நேரத்தில் ரௌட்டரும் பதில் சொல்லவில்லை. அப்படியென்றால் தெருவில் கோளாறில்லை, வீட்டுக்குள்தான். ரௌட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருந்து இன்டர்நெட் மட்டும் போயிருந்தால், ரௌட்டரையோ கம்பெனியையோ பிடித்திருக்கலாம். அடுத்து டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, "ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்" என்ற இடத்தில் வேகத்தை 100-க்குக் குறைத்தேன். சாயங்காலம் வரை ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். வாசற்படியில் கதவு ஏறி ஏறி நசுங்கியிருந்தது. புது ஒயர் 300 ரூபாய்க்குள் முடிந்தது. வேகத்தைப் பழையபடி மாற்றி வைத்தேன். இன்றுவரை சரியாக இருக்கிறது.

(உங்கள் வீட்டில் ஒயர் நன்றாக இருந்தும், கம்ப்யூட்டரைச் சும்மா விட்டிருக்கும்போது மட்டும் இணைப்பு போகிறதென்றால், அதே அடாப்டரில் "பவர் மேனேஜ்மென்ட்" பகுதியைப் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.)

வீட்டுக்கு வருகிற பையன்களை நான் திட்டவில்லை. டெஸ்டர் கொடுக்காமல், உட்கார்ந்து பார்க்க நேரமும் கொடுக்காமல், மூடிய புகாரின் எண்ணிக்கையை மட்டும் கேட்கிறவர்கள் மேல்தான் என் கோபம். அவர்கள் கணக்கில் அந்த அம்மாவின் புகார் நான்கு தடவை "தீர்ந்துவிட்டது". சோதித்துப் பார்க்கும் செலவை அவர்கள் மிச்சம் பிடிக்கிறார்கள். அந்தச் செலவு நம் தலையில் விழுகிறது. வயதானவர் என்றால் இன்னும் சுலபம். "உங்களுக்குத் தெரியாது மேடம்" என்று ஒரு வார்த்தை போதும், நாமும் வாயை மூடிக்கொள்வோம். முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஃபார்மட் என்று யாராவது வாயெடுத்தால், "கோளாறு ரௌட்டருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கம்ப்யூட்டரைத் தொட விடாதீர்கள். வேலை முடிந்தது என்று புகாரை மூட ஓ.டி.பி. கேட்பார்கள். பிங்கை ஓடவிட்டு அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். நல்ல காபியாகப் போட்டுக் கொடுங்கள், பாவம், வெயிலில் அலைகிற பிள்ளைகள். ஓ.டி.பி. மட்டும் அரை மணி கழித்து.