படகுக்கு எந்தத் தார்ப்பாய் லாபம்?

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் ஃபைபர் படகுதான் ஒரு குடும்பத்தின் மூலதனம். கரையில் நிற்கும்போது அதற்கு வெயில், மழை, அனல்மின் நிலையச் சாம்பல் என்று மூன்று எதிரிகள். வெயில் ஃபைபரின் மேல்பூச்சை வெளுத்து மாவாக்கும். நைலான் வலையும் இற்றுப்போகும். அதனால் மேலே தார்ப்பாய் போடுவது ஆடம்பரம் இல்லை.

எதை வாங்குவது? கடையில் முதலில் கண்ணில் படுவது மெல்லிய நீலப் பாய். புற ஊதாக் கதிரைத் தாங்கும் கலவை இல்லாவிட்டால் அது சீக்கிரமே நார்நாராகிவிடும். 600 ரூபாய் பாய் ஆறு மாதம், 2,000 ரூபாய் பாய் மூன்று வருடம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கணக்கில் முதலாவது 1,200 ரூபாய், இரண்டாவது 667 ரூபாய். இப்போது எது சீப்?

பாயின் கண்கள் பித்தளையாகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும். இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். நடுவில் மூங்கில் கொடுத்துச் சரிவாகக் கட்டினால் தண்ணீர் தேங்காது. அவசரத்துக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரும் ஓகே.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படகுகளில் அப்பியது. 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய் அறிவித்தது அரசு. கீழேயிருந்து வரும் அந்த எதிரியை எந்தப் பாயும் தடுக்காது. மேலே போடும் பாய்க்கு மீனவர் செலவழிப்பார். கீழே வரும் எண்ணெயைத் தடுக்கும் செலவு ஆலைகளின் கணக்கில்தான் ஏற வேண்டும்.